பாய்காட்: ஒரு குடும்பப் பெயர் வினைச்சொல் ஆன கதை

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் வினைச்சொற்களுக்குப் பொதுவாகப் பிறந்தநாள் கிடையாது. 'ஈட்', 'ரன்', 'கோ' எல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த மொழியில் இருப்பவை. முதலில் யார் சொன்னார் என்று கேட்பதிலேயே அர்த்தமில்லை. 'பாய்காட்' இந்த வழக்கத்துக்கு விலக்கு. அது பிறந்த ஆண்டு 1880, பிறந்த இடம் அயர்லாந்தின் மேற்குக் கரையோர மாவட்டமான மேயோ. யார் வாயிலிருந்து வந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்த மனிதர் அப்போது உயிரோடு இருந்தார், அதுவும் நாலைந்து மைல் தூரத்தில், வேலையாள் கிடைக்காமல் தன் பயிரைப் பார்த்துக்கொண்டு.

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் ஐரிஷ்காரர் இல்லை. 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். குடும்பப் பெயர் முதலில் 'பாய்காட்' என்பதாகக்கூட இருக்கவில்லை, 'பாய்கேட்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். சார்லஸ் சிறுவனாக இருந்தபோது எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் இன்று நாம் வகுப்புகளை 'பாய்கேட்' செய்துகொண்டிருப்போம். ராணுவத்தில் சில காலம் இருந்துவிட்டு விலகி, அயர்லாந்தில் நிலம் பிடித்துப் பண்ணையம் செய்தார். ஊரார் 'கேப்டன்' என்றே அழைத்தார்கள். 1870களில் லாக் மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவுக்குச் சொந்தமான மாளிகையையும் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார். அதோடு அந்தப் பகுதியில் பிரபுவுக்கு இருந்த 1,500 ஏக்கருக்குக் காரியஸ்தராகவும் ஆனார். குடியானவர்களிடம் குத்தகை வசூலிப்பது அவர் வேலை. வசூலாவதில் பத்து சதவீதம் அவருக்கு.

குடியானவர்களுக்கு அவர்மேல் இருந்த கோபம் குத்தகைத் தொகையால் மட்டும் வந்ததில்லை. கோழி அவர் நிலத்துக்குள் போனால் அபராதம், கேட்டைத் திறந்து போட்டால் அபராதம், சுள்ளி பொறுக்கத் தடை என்று சில்லறைக் கெடுபிடிகள் ஏராளம். ஜமீன் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆள் கொடூரமானவரா என்றால், அதற்கும் சான்றில்லை. பிடிவாதக்காரர், சட்டத்தின் எழுத்தைப் பிடித்துத் தொங்குபவர், அக்கம்பக்கத்தாரோடு ஒட்டாதவர். அவரைவிட மோசமான காரியஸ்தர்கள் அயர்லாந்து முழுக்க இருந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் அகராதியில் ஏறவில்லை.

பின்னணியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1840களின் பெரும்பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்த நாடு அது. 1879இல் மழை கெடுத்து மறுபடி விளைச்சல் பொய்த்தது. அதே ஆண்டு மைக்கேல் டேவிட் முன்முயற்சியில் நிலச் சங்கம் உருவானது. தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், தானே ஒரு நிலப்பிரபு. நியாயமான குத்தகை, வெளியேற்றாமல் இருக்க உத்தரவாதம், தன் குத்தகை உரிமையை விற்றுக்கொள்ளும் சுதந்திரம் ஆகியவைதான் அந்தக் காலத்து உழவர் கோரிக்கைகளின் சுருக்கம். குத்தகை கட்ட முடியாதவனை நிலப்பிரபு வெளியேற்றுவார். அந்த நிலத்தை இன்னொரு குடியானவன் கூடுதல் குத்தகைக்கு எடுத்துக்கொள்வான். இந்த இரண்டாவது ஆள் இருக்கும்வரை நிலப்பிரபுவுக்குக் கவலையில்லை. எனவே சங்கத்தின் கண் முதலில் விழுந்தது அவன்மேல்.

1880 செப்டம்பர் 19ஆம் தேதி, கிளேர் மாவட்டத்தின் என்னிஸ் நகரில் பார்னெல் பேசினார். அக்கம்பக்கத்தான் இழந்த நிலத்தை ஏலத்தில் எடுப்பவனை என்ன செய்வது என்று கூட்டத்தைக் கேட்டார். 'சுட்டுக் கொல்லு' என்று குரல்கள். பார்னெல் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்றார், கிறிஸ்தவத் தன்மை கொண்ட, கருணை மிகுந்த, பாவி மனம் திருந்த வாய்ப்புக் கொடுக்கிற வழி. அவனைச் சாலையில் பார்த்தால் ஒதுங்குங்கள், கடையில் பார்த்தால் ஒதுங்குங்கள், சந்தையில், கோயிலில்கூட அவனைத் தனியாக விடுங்கள், பழைய காலத்துத் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல அவனை மனித இனத்திலிருந்தே பிரித்துவிடுங்கள் என்றார். இந்தப் பேச்சை அகிம்சைப் போராட்டத்தின் முன்னோடி என்று பலர் எடுத்துக்காட்டுவார்கள். சுடுவதைவிட இது மேல் என்பது உண்மைதான். ஆனால் அவர் பயன்படுத்திய உவமையை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தொழுநோயாளி யாரையும் ஏமாற்றியவனில்லை, யார் நிலத்தையும் பிடுங்கியவனில்லை. சமூகம் பலவீனமானவன்மேல் காலங்காலமாக ஏவிய ஆயுதத்தை எடுத்துத்தான் பார்னெல் தன் மக்கள் கையில் கொடுத்தார். இந்த வினைச்சொல்லின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் அந்த உவமைக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேச்சு நடந்து மூன்றே நாளில், செப்டம்பர் 22 அன்று, மேயோவில் விவகாரம் வெடித்தது. குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாக எர்ன் பிரபு சொல்லியிருந்தார். குடியானவர்கள் கேட்டது 25. பேச்சு முறிந்தது. பதினோரு பேரை வெளியேற்ற நோட்டீஸ் கொடுப்பதற்கு 17 போலீஸ்காரர்கள் காவலோடு கோர்ட்டு அமீனா வந்தார். சில வீடுகள் தாண்டியதும் பெண்கள் திரண்டார்கள். சேறும் சாணியும் பறந்தன. அமீனா ஓடிப்போய் பாய்காட்டின் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டார். மறுநாள் நூறு பேர் போல அந்த வீட்டு வாசலுக்கு வந்து, அங்கே வேலை செய்த எல்லோரையும் வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர்களும் போனார்கள்.

அடுத்து நடந்ததை பாய்காட்டே அக்டோபர் 14 தேதியிட்டு லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதமாக எழுதினார். அந்தக் கடிதம்தான் அவரை உலகறியச் செய்தது. மாடு மேய்ப்பவர் வேலையை விட்டுவிட்டார். இனி அவருக்கு வேலை செய்தால் கொன்றுவிடுவோம் என்று கொல்லருக்குக் கடிதம் வந்திருக்கிறது. துணி துவைக்கும் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். பாலின்ரோப் ஊரிலிருந்து தபால் பை கொண்டுவரும் 12 வயதுப் பையனை அடித்து மிரட்டியிருக்கிறார்கள். அவனுக்குப் பதில் தன் உறவுக்காரச் சிறுவனை அனுப்பினால் அவனையும் வழிமறிக்கிறார்கள். கடைக்காரர்கள் சாமான் தரக்கூடாது என்று உத்தரவு. தந்தி கொண்டுவரும் ஆளைக்கூட நிறுத்தியாகிவிட்டது. வேலிகளை இடித்து மாடுகளைச் சாலையில் விரட்டுகிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டைவிட்டு ஓடும்வரை விடமாட்டார்கள் என்று முடித்திருந்தார்.

இதில் எவ்வளவு மிகை என்று கணக்குப் பார்க்கலாம். ஆனாலும் பிற்காலத்தில் சொல்லப்பட்டதுபோல ஊரே தானாக மனம் ஒப்பி ஒதுங்கியது என்பதும் முழு உண்மையாக இருக்க முடியாது. ஒரு பையனை அடித்து வேலையிலிருந்து நிறுத்துவது ஒத்துழையாமை ஆகாது. கொல்லரும் சலவைக்காரியும் பாய்காட்டிடம் கோபம்கொண்டு விலகினார்களா, ஊருக்குப் பயந்து விலகினார்களா என்பது அவர்களுக்கே தெரிந்த விஷயம். இரண்டும் கலந்திருக்கும். கட்டுப்பாடு என்று சொல்லும் எல்லா ஊர்களிலும் இரண்டும் கலந்தே இருக்கிறது.

சரி, சொல் எப்படி வந்தது? அந்த வட்டாரத்தின் கத்தோலிக்கப் பங்குத்தந்தை ஜான் ஓமாலி. நிலச் சங்கத்தின் உள்ளூர்த் தூண் அவர்தான். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத், அடிமை முறை எதிர்ப்பில் பெயரெடுத்தவர், அயர்லாந்தைப் பற்றி எழுத வந்திருந்தார். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரெட்பாத் சாப்பிடாமல் யோசனையில் இருந்தாராம். என்ன விஷயம் என்று பாதிரியார் கேட்க, ஒரு சொல் கிடைக்காமல் தவிக்கிறேன் என்றிருக்கிறார். அடுத்தவன் நிலத்தைப் பறித்த குடியானவனை ஊர் ஒதுக்கினால் அதைச் 'சமூக விலக்கு' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நிலப்பிரபுவையோ பாய்காட் மாதிரியான காரியஸ்தரையோ ஒதுக்குவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். 'ஆஸ்ட்ரசிசம்' என்று கிரேக்க வேரிலிருந்து வந்த சொல் இருக்கிறது, ஆனால் குடியானவர்களுக்குப் புரியாது. ஓமாலி தலையைக் குனிந்து, தன் அகன்ற நெற்றியைத் தட்டிவிட்டு, 'அவனை பாய்காட் செய்வது என்று சொன்னால் எப்படி?' என்று கேட்டார். ரெட்பாத் பிறகு எழுதிவைத்த கணக்கு இது. அவர் தன் கட்டுரையில் சொல்லை உடனே பயன்படுத்தினார். 1880 அக்டோபர் 12 அன்று சிகாகோவின் 'இன்டர்-ஓஷன்' பத்திரிகையில் அது அச்சேறியது. அதாவது பாய்காட்டின் புலம்பல் கடிதத்தின் மை காய்வதற்கு இரண்டு நாள் முன்பே, அவர் பெயர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் வினைச்சொல் ஆகியிருந்தது.

ரெட்பாத்தின் தவிப்பு வெறும் நடைப் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் ஒருவரை ஒதுக்குவதற்குச் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. சபையிலிருந்து விலக்குவதற்கு ஒன்று, கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கு ஒன்று, பேச்சுவார்த்தை இல்லாமல் ஒதுக்குவதை 'கோவென்ட்ரிக்கு அனுப்புவது' என்பார்கள், பார்னெலும் தன் பேச்சில் அதைச் சொன்னார். இவை எல்லாவற்றிலும் ஒதுக்குபவர்கள் மேலே இருக்கிறார்கள், அல்லது குறைந்தபட்சம் சமமாக இருக்கிறார்கள். சபை பாவியை ஒதுக்கும், முதலாளி தொழிலாளியை ஒதுக்குவார், சகாக்கள் சகாவை ஒதுக்குவார்கள். குடிசையில் இருப்பவர்கள் மாளிகையில் இருப்பவரை ஒதுக்குவது என்ற செயலுக்கு மொழியில் இடமே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. ஓமாலி நிரப்பியது அந்தக் காலி இடத்தை.

பெயர் நிலைத்ததற்கு அந்த நவம்பரில் நடந்த கூத்தும் ஒரு காரணம். பாய்காட்டின் வயலில் அறுவடை நின்றது. மொத்த மதிப்பு சுமார் 500 பவுண்டு: உருளைக்கிழங்கு, டர்னிப், கொஞ்சம் தானியம். அவரைக் காப்பாற்ற பெல்ஃபாஸ்டிலும் டப்ளினிலும் நிதி திரட்டினார்கள். வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான ஆயுதம் தாங்கிய புராட்டஸ்டன்ட் தொண்டர்கள் கிளம்பத் தயாரானார்கள். அப்படி வந்தால் மதக்கலவரம்தான் என்று பயந்த அரசு, 50 பேருக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து அந்த 50 பேர் வந்தார்கள். அவர்களைப் பாதுகாக்க ஆயிரம் பேர் அளவுக்குப் படைவீரர்களும் போலீசாரும் வந்தார்கள். கிளேர்மோரிஸ் ரயில் நிலையத்திலிருந்து கொட்டும் மழையில் நடந்தே வர வேண்டியிருந்தது, வண்டி கொடுக்க உள்ளூரில் ஒருவரும் இல்லை. ஓமாலி தன் மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார். படை வந்தபோது எதிர்ப்பதற்கு ஆளே இல்லை.

இரண்டு வாரம் கிழங்கு தோண்டினார்கள். படைவீரர்களும் சும்மா இருக்கவில்லை. குளிருக்கு மரங்களை வெட்டி எரித்தும் பண்ணையில் கிடைத்ததைச் சாப்பிட்டும் பாய்காட்டுக்கு அவர்கள் வைத்த செலவு, எதிரிகள் வைத்ததற்குக் குறையாது என்று அக்காலப் பத்திரிகைகள் கேலி செய்தன. அரசுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஆன மொத்தச் செலவு குறைந்தது 10,000 பவுண்டு. தோண்டிய ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கணக்குச் சொன்னார். நவம்பர் கடைசியில் பாய்காட் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. வண்டியோட்ட ஆள் கிடைக்காமல் ராணுவ ஆம்புலன்சில்தான் போனார்கள். டப்ளினில் தங்கிய ஓட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். ஆட்சி தன் முழு பலத்தைக் காட்டியும் ஒரு காரியஸ்தரின் கிழங்கைக் காப்பாற்றுவதற்குள் மூச்சு வாங்கியதை லண்டன் பத்திரிகைகளின் நிருபர்கள் நேரில் இருந்து எழுதினார்கள். அவர்கள் எழுதும்போது அந்தப் பெயரை எழுதாமல் முடியாது. நவம்பர் 20க்குள் 'டைம்ஸ்' வேறொரு ஊரில் வேறு யாரையோ மக்கள் 'பாய்காட்' செய்யத் தீர்மானித்ததாகச் செய்தி போட்டது. பாய்காட் இன்னும் தன் வீட்டில்தான் இருக்கிறார், அவர் பெயர் அதற்குள் வேறொருவர்மேல் ஏறிவிட்டது.

இதில் ஆங்கில இலக்கணமும் கைகொடுத்தது. ஒரு பெயர்ச்சொல்லை எந்த விகுதியும் ஒட்டாமல் அப்படியே வினையாக்கிவிடும் சுதந்திரம் அந்த மொழியில் உண்டு. இருந்தும் மனிதர் பெயரிலிருந்து வந்த வினைகள் பலவற்றுக்கு வால் ஒன்று தேவைப்பட்டது: பாஸ்டரின் பெயர் 'பாஸ்சரைஸ்' ஆனது, கால்வானியின் பெயர் 'கால்வனைஸ்' ஆனது, மெஸ்மரின் பெயர் 'மெஸ்மரைஸ்' ஆனது. வால் ஒட்டாமல் பெயரே வினையாக நின்றவற்றில் இன்றும் உயிரோடு இருப்பவை சொற்பம். கும்பலாகக் கூடி ஒருவரைக் கொல்வதைக் குறிக்கும் 'லிஞ்ச்' ஒன்று, 'பாய்காட்' ஒன்று. இரண்டுமே ஊர் கூடி ஓர் ஆளுக்குச் செய்யும் காரியத்தைக் குறிப்பவை என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. மற்ற சொற்களில் எல்லாம் பெயர் தந்தவர் அந்தச் செயலைச் செய்தவர், அல்லது கண்டுபிடித்தவர். பாய்காட் மட்டும் செயலுக்கு ஆளானவர். பாய்காட் செய்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

மற்ற மொழிகள் மொழிபெயர்க்க மெனக்கெடவில்லை. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன், போலிஷ் எல்லாம் பெயரை அப்படியே எடுத்துத் தங்கள் வினை விகுதியைப் பூட்டிக்கொண்டன. ஜப்பானியர் 'பொய்கொத்தோ' என்கிறார்கள். தமிழ் பிறமொழி வினையை நேராக ஏற்காது, 'பண்ணு', 'செய்' என்று ஒரு துணையைக் கூட அனுப்பும். அதனால் நமக்கு 'பாய்காட் பண்ணு'.

சொல் புதிது, செயல் பழையது. 1760களிலேயே அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் சரக்கை இறக்குமதி செய்ய மறுத்தன. 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொடுவதில்லை என்று இங்கிலாந்தில் லட்சக்கணக்கானோர் நிறுத்தினார்கள். சுமார் 3 லட்சம் பேர் என்று தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். இன்று வரலாற்று நூல்களில் இவற்றையெல்லாம் 'பாய்காட்' என்றுதான் எழுதுகிறார்கள், அந்தச் சொல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு நடந்தவையாக இருந்தாலும். அப்போது அவற்றைத் தவிர்ப்பு, இறக்குமதி மறுப்பு என்றெல்லாம் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் பின்னோக்கிப் போர்த்தும்போதே பொருள் நழுவிவிட்டது. 1880இல் இந்த வினைக்குச் செயப்படுபொருள் ஒரு மனிதர். அவரோடு பேசக்கூடாது, அவருக்கு விற்கக்கூடாது, அவர் துணியைத் துவைக்கக்கூடாது. கொஞ்ச காலத்தில் செயப்படுபொருள் சரக்கு ஆனது, பிறகு கூட்டம், தேர்தல், விளையாட்டுப் போட்டி, வகுப்பு, நீதிமன்றம் என்று விரிந்தது. 1931இல், பிரிட்டிஷ் ஆட்சி இலங்கைக்குக் கொடுத்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அரச சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கில் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே விழவில்லை. 1934 வரை அந்த இடங்கள் காலியாகக் கிடந்தன. 1980இல் அமெரிக்காவும் அதன் பக்கம் நின்ற நாடுகளும் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போகவில்லை, 1984இல் சோவியத் அணி லாஸ் ஏஞ்சலசுக்குப் போகவில்லை. இங்கெல்லாம் நடப்பது, ஒன்றில் பங்கெடுக்காமல் தான் விலகி நிற்பது. மேயோவில் நடந்தது ஒருவரைச் சுற்றி எல்லோரும் விலகி அவரைத் தனியாக்கியது. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. ஒரு கம்பெனியின் சோப்பை வாங்காமல் விடுவதும் ஒரு குடும்பத்துக்கு ஊரில் யாரும் தண்ணீர் தராமல் இருப்பதும் ஒரே வினை என்றால், அந்த வினை நமக்கு எதைச் சொல்லித் தருகிறது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

இந்தியாவுக்கு இந்தச் சொல் அரசியலில் பரவலாக வந்தது வங்கப் பிரிவினையின்போது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன்ஹால் கூட்டத்தில் பிரிட்டிஷ் சரக்கை விலக்கும் தீர்மானம் நிறைவேறியது. சுதேசி ஒரு கை என்றால் பாய்காட் மறு கை. தெற்கே 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று மேயோவை அப்படியே நினைவுபடுத்தும். வெள்ளையருக்குச் சாதகமாகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதியில் கத்தியை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மிச்சத்தை முடித்துவைக்க ஊரில் வேறு நாவிதரும் கிடைக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாவிதரும் வண்ணாரும் ஒருவருக்கு வேலை செய்ய மாட்டார்கள் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு அயர்லாந்திலிருந்து வந்த பாடம் கிடையாது. ஊர்விலக்கு, சாதிவிலக்கு, ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது என்று இங்கே அது நெடுங்காலமாக இருக்கிறது. கட்டுப்பாட்டை மீறியவருக்குக் கொல்லர் ஏர் செய்து தரமாட்டார், கடையில் சாமான் கிடைக்காது, நல்லது கெட்டதற்கு யாரும் வரமாட்டார்கள். பாய்காட் தன் கடிதத்தில் போட்ட பட்டியலும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே இது கீழிருந்து மேலே பாய்ந்தது. இங்கே பெரும்பாலும் மேலிருந்து கீழே.

சொல்லே இதற்குச் சாட்சி. சுதேசி காலத்தில் பாய்காட்டுக்கு இந்திய மொழிகள் எடுத்துக்கொண்டது 'பகிஷ்காரம்' என்ற வடசொல். வெளியே தள்ளுவது என்பது பொருள். வெள்ளையர் துணியைப் பகிஷ்கரி என்று திலகர் காலத்துத் தலைவர்கள் மேடையில் முழங்கினார்கள். அதே மராட்டிய நாட்டில் 1924இல் அம்பேத்கர் தொடங்கிய சபையின் பெயர் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா', 1927இல் தொடங்கிய பத்திரிகை 'பகிஷ்கிருத பாரத்'. பகிஷ்கிருதர் என்றால் வெளியே தள்ளப்பட்டவர். ஒரு சாரார் துணிக்குச் செய்துகொண்டிருந்ததை இன்னொரு சாராருக்குச் சமூகம் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தது. 1927 மார்ச்சில் மஹாட் நகரின் சவ்தார் குளத்தில் தண்ணீர் எடுத்ததற்காக அம்பேத்கரோடு வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். உரிமை கேட்ட கிராமங்களில் எல்லாம் பதிலடியாக வந்தது கூலிவேலை மறுப்பும் கடை மறுப்பும் வழிமறிப்பும்தான். அன்று ஒரே ஒரு அடிகூட அடிக்காமல் ஒரு சேரியைப் பட்டினி போட்டுவிட முடிந்தது, எந்தச் சட்டப்பிரிவும் தொடவில்லை.

லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரும் தமிழ்நாட்டிலிருந்து போன இரட்டைமலை சீனிவாசனும் கொடுத்த கூட்டு அறிக்கையில் இதற்குப் பரிகாரம் கேட்டார்கள். ஒருவரோடு வியாபாரம் செய்ய மறுப்பது, கூலிக்கு வேலை செய்ய மறுப்பது, வழக்கமான சேவையைக் கொடுக்கவோ பெறவோ மறுப்பது, அவர் தன் உரிமையைப் பயன்படுத்தினார் என்பதற்காக இதையெல்லாம் செய்தால் அதைக் குற்றமாக்க வேண்டும் என்றார்கள். வாசகங்களை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் சுவாரசியம். 1922ஆம் ஆண்டு பர்மாவின் பாய்காட் தடைச் சட்டம். பர்மிய தேசியவாதிகள் கிராமங்களில் அரசின் கையாட்களை ஒதுக்கியதை அடக்க வெள்ளை அரசு போட்ட அடக்குமுறைச் சட்டம் அது. ஓமாலியின் வாரிசுகளுக்கு எதிராக எழுதப்பட்ட சட்டத்தைத் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகள் தங்கள் கவசமாகக் கேட்டார்கள். முரண்பாடு என்று நினைப்பவர்கள் அந்தச் சொல்லுக்கு ஒரே திசைதான் உண்டு என்று நம்புகிறவர்கள்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். 381 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தின் தொடக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு இதே உறுத்தல் இருந்தது. நிறவெறி பிடித்த வெள்ளையர் சங்கங்கள் சமத்துவம் கேட்டவர்களின் வேலையையும் கடனையும் பறிக்கப் பயன்படுத்திய ஆயுதமும் பாய்காட்தான். அதே முறையை நாமும் எடுக்கலாமா என்று யோசித்து, கடைசியில், நாம் செய்வது தீய ஏற்பாட்டுக்கு நம் ஒத்துழைப்பை விலக்கிக்கொள்வது, எனவே இது வேறு என்று முடிவுக்கு வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பாய்காட் என்ற சொல்லைக் கூடியவரை தவிர்க்கவும் நினைத்தார். சொல் அவரைவிட வலுவாக இருந்தது, உலகம் அந்தப் போராட்டத்தை இன்றும் 'பஸ் பாய்காட்' என்றே அழைக்கிறது.

சார்லஸ் பாய்காட்டின் மிச்ச வாழ்க்கை அவ்வளவு சோகமானதில்லை. 1881இல் அமெரிக்காவுக்குப் போனபோது பயணிகள் பட்டியலில் சார்லஸ் கன்னிங்ஹாம் என்று மட்டும் கொடுத்துப் பார்த்தார், நியூயார்க் நிருபர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு மேயோவுக்கே திரும்பி வந்தார். ஆரம்பத்தில் கூச்சலும் கொடும்பாவியும் இருந்தன, பிறகு அடங்கிவிட்டது. 1886இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் வேறொரு பண்ணைக்குக் காரியஸ்தராகப் போனார். விடுமுறைக்கு அயர்லாந்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். 1897இல் இறந்தார். நஷ்டஈடு கேட்டு அரசிடம் முட்டிமோதியும் ஒரு காசு கிடைக்கவில்லை.

அவருடைய பெயருக்கு அதற்குப் பிறகும் நிறைய வேலை இருந்தது. 1881இலேயே பிரிட்டிஷ் அரசு ஐரிஷ் குத்தகைதாரர்களுக்கு நியாயக் குத்தகையை நிர்ணயிக்கும் நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1887இல் பாய்காட் செய்வதைத் தண்டிக்கவும் சட்டம் போட்டது. 1888இல் ரோமிலிருந்து போப்பாண்டவரும் அதைக் கண்டித்தார், ஒரு பங்குத்தந்தையின் சாப்பாட்டு மேஜையில் பிறந்த சொல்லை. இந்தியாவில் அம்பேத்கரும் சீனிவாசனும் கேட்ட பாதுகாப்பு முழுதாக வர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம்தான் 'சமூகப் பாய்காட்', 'பொருளாதாரப் பாய்காட்' இரண்டையும் பெயர் சொல்லி வரையறுத்து, அவற்றைச் சுமத்துவதையும் சுமத்துவதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.